ட்ரெய்ன் திரும்பி வந்திட்டுது, மாமா

2024 நவம்பர் நடுப்பகுதியில் ஒரு காலைப்பொழுது. ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான நலம் விசாரிப்புக்கூட இல்லை.

"மாமா, ட்ரெய்ன் திரும்பி வந்திட்டுது."

அந்த ஆண்டில் வடபகுதி ரயில் பாதையில் நடைபெற்ற திருத்த வேலைகளால் யாழ்ப்பாணத்துக்கான சேவை பல மாதங்கள் தடைப்பட்டிருந்து, அப்போதுதான் மீண்டும் ஆரம்பித்திருந்தது. யாழ்தேவியைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். "ஓம், பேப்பரிலை பாத்தனான். நீ வரேக்கை அதிலையே போகலாம்" என்றேன். மறுமுனையில் சிரிப்பு.

"அந்த ட்ரெய்ன் இல்லை மாமா. எங்கடை ட்ரெய்ன். அந்தத் துண்டிலை இருந்தது."

துண்டு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. பதினாறு ஆண்டுகளாகியும் அந்தச் சிறு காகிதத் துண்டை நாங்கள் இருவரும் மறக்கவில்லை. அதனைப் பற்றி எழுதவேண்டும் என்று பலமுறை எண்ணி, பின்னர் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். போர்க்காலத்தின் பெரிய அவலங்களுக்கு முன்னால் இது ஒரு கணினி விளையாட்டின் கதை. ஆயினும் அன்று அவன் சிரித்த சிரிப்பு, எழுதலாம் என்ற துணிவைத் தந்தது.

ஹெவ்லொக் டவுன் என்ற பெயர் இலங்கைக்கு வெளியே வாழும் வாசகர்கள் பலருக்குப் பரிச்சயமில்லாதிருக்கலாம். வெள்ளவத்தை என்றால் உலகத் தமிழர் அனைவருக்கும் தெரியும். காலி வீதியில் வெள்ளவத்தையின் சந்தடியை விட்டு உள்ளே திரும்பி, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக ஹெவ்லொக் வீதிக்கு வந்தால் எங்கள் பகுதி. 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயர் இது. அவர் இங்கிருந்து போனபின் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். ராஜமுந்திரியில் கோதாவரியின் குறுக்கே உள்ள பழைய ரயில் பாலத்துக்கும் அவர் பெயர்தான். ஆக, கதை எங்கே தொடங்கினாலும் ரயிலில் வந்து முடிகிறது.

மருமகன் என் தங்கையின் மகன். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணம் மீண்டும் ஒரு தீவாயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து சேர்ந்தான். உயர்தரப் பரீட்சை எழுதுவதற்கென்று தங்கை அவனை என்னிடம் அனுப்பிவைத்தாள். வந்த மறுநாளே பொலிஸில் பதிவு செய்தோம். யாழ்ப்பாண விலாசத்துடன் கூடிய அடையாள அட்டையும் அந்தப் பதிவுத் துண்டும் இல்லாமல் அவன் வாசற்படி தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்தச் செய்தியைப் பத்திரிகைக்காக எழுதிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பியபோது, அவன் தன் உடுப்புப் பையை அடுக்கித் தயாராக வைத்துக்கொண்டு விழித்திருந்தான்.

அப்படிப்பட்ட பையனுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே சுதந்திரம் கணினி. நான் கட்டுரை எழுதுவதற்கென வாங்கி வைத்திருந்த இயந்திரத்தை அவன் மெல்ல மெல்லத் தன்வசப்படுத்திக்கொண்டான். எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்தில் ஒரு சிங்களக் குடும்பம். அவர்களது மகன் மருமகனைவிட ஒரு வயது மூத்தவன், இவனை 'மல்லி' என்று அழைப்பான். மதிலுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் வீடு, அங்கும் ஒத்த வயதில் ஒரு பையன். மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, ஜன்னல்களின் வழியே மூன்று வீடுகளுக்கும் நீல நிற வயர் ஒன்றை இழுத்து, மூன்று கணினிகளையும் தொடுத்துவிட்டார்கள். வயர் இழுத்த செலவு மேல்மாடிப் பையனின் தகப்பனாருடையது. இந்த ஒற்றுமையைக் கண்டு நான் ஒரு பத்தி எழுத எண்ணினேன். அப்போது எழுதாதது நல்லதாயிற்று, மிகவும் அசட்டுத்தனமான பத்தியாக அது இருந்திருக்கும்.

அவர்கள் விளையாடியது 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. இதனை அறியாத என் வயதுக்காரர்களுக்காக ஒரு விளக்கம். இரண்டு அணிகள். ஒன்று பயங்கரவாதிகள், மற்றது அவர்களை எதிர்க்கும் படையினர். ஓர் அணி குண்டு வைக்கவேண்டும், மற்ற அணி அதனைச் செயலிழக்கச் செய்யவேண்டும். சில களங்களில் பணயக் கைதிகளை மீட்கவேண்டும். களம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஜன்னலுக்கு வெளியே, ஹெவ்லொக் வீதியில், இவையெல்லாம் விளையாட்டாக இருக்கவில்லை. "இதைத் தவிர வேறை விளையாட்டுக் கிடைக்கேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். "இதிலை செத்தாலும் அடுத்த ரவுண்டிலை எழும்பலாம் மாமா" என்றான். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

பிரச்சினை விளையாட்டில் இருக்கவில்லை, அதன் அப்டேட்டில் இருந்தது. அந்த விளையாட்டை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான வால்வ், 2003இல் 'ஸ்டீம்' என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. 2004இல் பழைய ஏற்பாடுகளை மூடிவிட்டு அனைவரையும் அதற்குள் கொண்டுவந்தது. பெட்டியில் வாங்கிய விளையாட்டாயினும் இணையத்தில் ஒருமுறையேனும் பதிவு செய்தாக வேண்டும். அதன்பின் பிழைதிருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும். எங்கள் தொழிலில் நூலொன்று அச்சாகி வெளிவந்த பின்னர் பிழைதிருத்தத் தாள் ஒன்றை முன்பக்கத்தில் ஒட்டுவோம் அல்லவா? அதுதான் இது. வேறுபாடு என்னவெனில், ஒரு நண்பனின் பிரதியில் திருத்தத் தாள் ஒட்டப்பட்டு மற்றவனின் பிரதியில் ஒட்டப்படாதிருந்தால் இருவரும் சேர்ந்து அந்த நூலை வாசிக்கவே முடியாது. உன்னுடைய களம் மற்றவனுடையதிலிருந்து வேறுபடுகிறது என்றொரு அறிவிப்பைத் திரையில் காட்டிவிட்டு விளையாட்டு வெளியே தள்ளிவிடும். மூன்று வீடுகளிலும் ஒரே பதிப்பு இருக்கவேண்டும் என்பது கட்டாயம்.

மூன்று வீடுகளிலும் இருந்ததோ தொலைபேசி வழி இணையம். மோடத்தில் 56 கிலோபிட் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் வினாடிக்கு ஐந்து கிலோபைட் கிடைத்தால் அதிர்ஷ்டம். நூறு மெகாபைட் இறங்குவதற்கு ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், அதுவும் இடையில் அறுந்துபோகாவிட்டால். அறுந்துபோகும். ஒருநாள் இரவு பத்து மணியிலிருந்து அவன் இப்படித் தொலைபேசியைப் பிடித்து வைத்திருக்க, ஆசிரியபீடத்திலிருந்து என்னை அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் ஓட்டோவில் ஓர் ஆளை அனுப்பினார்கள். முதற்பக்கச் செய்தியில் ஒரு பெயரை உறுதிப்படுத்தவேண்டியிருந்தது. கைத்தொலைபேசியை நான் அலுவலகத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அன்று ஏச்சு வாங்கியவன் மருமகன்தான். இனி வீட்டுத் தொலைபேசியில் விளையாட்டு எதனையும் இறக்கக்கூடாது என்று கட்டளையிட்டேன்.

அடுத்த வாரம் அவன் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு விண்ணப்பம் வைத்தான். அலுவலகத்தில் வேகமான இணைப்பு இருக்கிறதே, இரவில் யாரும் பயன்படுத்தாத வேளையில் இறக்கி, ஒரு சீடியில் எழுதிக் கொண்டுவர முடியுமா? நான் மறுத்துவிட்டேன். அலுவலக இணைப்பு செய்திக்கானது என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். கொள்கை சரிதான். ஆனால் பத்திரிகையாளர் அடையாள அட்டையுடன் ஒரு சீடியைச் சோதனைச் சாவடியினூடாகக் கொண்டுவருவது எனக்கு எவ்வளவு எளிது, அவனுக்கு எவ்வளவு கடினம் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவன் வேறு வழி கண்டான். ரியூசன் வகுப்பு நண்பன் ஒருவன் வெள்ளவத்தையில் இருந்தான். அவன் வீட்டில் ஏடிஎஸ்எல் இணைப்பு. வினாடிக்கு 512 கிலோபிட் என்பது இன்று சிரிப்பூட்டும். அன்று அது ராஜபாட்டை. எங்கள் வீட்டில் ஐந்தரை மணித்தியாலம் எடுத்தது அங்கே அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அந்த நண்பன் இரவிரவாகத் தன் கணினியைத் திறந்தே வைத்திருப்பான். காலையில் புதிய பதிப்பு ஆயத்தமாக இருக்கும்.

அதனை எப்படி இங்கே கொண்டுவருவது என்பதில் மருமகன் பெரிய விற்பன்னனாகிவிட்டான். அந்நாளில் ஸ்டீம், விளையாட்டின் உறுப்புகள் அனைத்தையும் ஜிசிஎஃப் என்று முடியும் சில பெருங்கோப்புகளுக்குள் பொதிந்து, ஒரே மடிப்பில் வைத்திருந்தது. ஸ்டீமை மூடிவிட்டு அந்தக் கோப்புகளை அப்படியே பிரதிசெய்து, மற்றக் கணினியில் அதே இடத்தில் வைத்துத் திறந்தால், அது சரிபார்த்துவிட்டு எஞ்சியுள்ள சிறு வித்தியாசத்தை மட்டும் இணையத்தில் கேட்கும். அந்தச் சிறு வித்தியாசத்துக்குத் தொலைபேசி இணைப்பே போதும். ஆரம்பத்தில் ஒரு ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றுதான் அவனிடம் இருந்தது. கோப்போ இரண்டு ஜிகாபைட்டை நெருங்கியது. ஆகவே அதனைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு மூன்று நடையாகக் கொண்டுவந்து, இங்கே ஒட்டவேண்டும். ஒரு துண்டு பழுதானால் முழுவதும் பழுது. பின்னர் கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய பணத்தில், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில், பழைய 40 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் அதற்கொரு உறையையும் வாங்கிக்கொண்டான். செங்கல் போல் கனக்கும். இரண்டு ஜிகாபைட்டை இருபத்தைந்து நிமிடத்தில் நடந்து கொண்டுவந்தால் அது வினாடிக்குப் பத்து மெகாபிட்டுக்கும் மேலான வேகம், நம் மோடத்தைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு என்று ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினான். "செக்பொயின்ரிலை மறிக்காட்டி" என்று அடியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தான்.

எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கொரு பெயர் உண்டு. கொடுத்துவிடுதல். போகிற ஆளிடம் கொடுத்துவிடுவது. முறுக்கும் பினாட்டும் மட்டுமல்ல, செய்தியும் அப்படித்தான் வந்தது. நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் வடக்கின் பிரதேச நிருபர்கள் தந்தியில் சுருக்கத்தை அடித்துவிட்டு, விரிவான செய்தியையும் படச்சுருளையும் இரவுத் தபால் ரயிலில் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். காலையில் கோட்டை ரயில் நிலையத்தில் ஒரு பையன் காத்திருப்பான். 1990 ஜூனில் ரயில் நின்றது. தொலைபேசி நின்றது. மின்சாரமும் நின்றது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டார்கள். அக்காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் கிளாலிக் கடலைக் கடந்து வந்த பயணிகளின் சட்டைப் பைகளில், நாலாக மடித்த கொப்பித் தாளாக, எங்களுக்குச் செய்தி வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று பல தடவைகளில் எங்களுக்கே தெரியாது. பின்னர் கணினியில் பக்கம் அமைக்கத் தொடங்கியபோதும், பாமினி எழுத்துருவில் கோத்த பக்கங்களை 1.44 மெகாபைட் தட்டுகளில் போட்டு அச்சகத்துக்கு ஆள்வசம்தான் அனுப்பினோம்.

உலகத்தின் பெரிய செய்தி நிறுவனமொன்றின் வரலாறும் இவ்வாறுதான் தொடங்குகிறது. 1850இல் ஆகென் நகருக்கும் பிரசெல்ஸ் நகருக்கும் இடையில் தந்திக் கம்பி இல்லாத இடைவெளி இருந்தது. போல் ஜூலியஸ் ரொய்ட்டர் அந்த இடைவெளியைப் புறாக்களால் நிரப்பினார். பங்குச்சந்தை விலைகள் ரயிலைவிட விரைவாகப் பறந்து சென்றன. 2009 செப்டம்பரில் தென்னாபிரிக்காவில் இணைய வேகத்தால் சலிப்புற்ற ஒரு நிறுவனம், நான்கு ஜிகாபைட் தகவலை ஒரு புறாவின் காலில் கட்டி ஹொவிக்கிலிருந்து டேர்பன் பகுதிக்குப் பறக்கவிட்டது. பறவை ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. தகவலைக் கணினியில் ஏற்றி முடித்த நேரத்தையும் சேர்த்து இரண்டு மணித்தியாலம். அதற்குள் கம்பி வழியே நான்கு வீதம்தான் சென்றிருந்தது. கியூபாவில் 2010களில் வாரந்தோறும் திரைப்படங்களும் தொடர்களும் மென்பொருள்களும் நிரம்பிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வீடு வீடாகக் கைமாறி வந்தது. நம் புலவர்கள் அன்னத்தையும் கிளியையும் தூது விட்டார்கள். புறாவை எவரும் மறித்து அடையாள அட்டை கேட்கவில்லை என்பதே வித்தியாசம்.

2008 மே 26ஆம் திகதி தெஹிவளையில் ரயிலொன்றில் குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். ஜூன் 4ஆம் திகதி வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையில் தண்டவாளத்தில் இன்னொன்று. ஜூன் 6ஆம் திகதி காலை மொறட்டுவ கட்டுபெத்தையில் பஸ்ஸில் வெடித்த குண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலி. வேலைக்குப் போன சாதாரண மனிதர்கள். அந்த நாட்களில் கொழும்பில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். பஸ்ஸில் எவரேனும் பையை வைத்துவிட்டு எழுந்தால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, ஹார்ட் டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு மருமகன் வெள்ளவத்தையிலிருந்து நடந்து வந்தான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. பையில் வயர் தொங்கும் இரும்புப் பெட்டியொன்று. அதுகூடப் பரவாயில்லை. சட்டைப் பையைத் துழாவியபோது அந்தத் துண்டு வெளியே வந்தது. எந்தெந்தக் களங்கள் மூன்று கணினிகளிலும் ஒத்துப்போகவில்லையோ அவற்றின் பெயர்களை, நண்பன் வீட்டில் சரிபார்ப்பதற்காக, மாணவனுக்குரிய அழகான ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தான். ட்ரெய்ன். ஒஃபிஸ். நியூக். டஸ்ட் இரண்டு. முதல் இரண்டுக்கும் எதிரில் சரி அடையாளம்.

ரயில், அலுவலகம், அணு ஆயுதம். அந்த வாரத்தில், அந்த அடையாள அட்டையோடு.

தகவல் எனக்கு இரவு ஏழரை மணியளவில் ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் வந்தது. நல்லவேளையாக அன்று தொலைபேசி ஓய்வாக இருந்தது. முப்பது ஆண்டுகாலம் பிறருடைய பிள்ளைகள் பிடிபட்ட செய்திகளை எழுதியவன் நான். 'விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டார்' என்ற வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று தெரியாது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு சிலரைப் பற்றி மேலும் ஒரு வாக்கியம் எழுதக் கிடைத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். சட்டை பொத்தான்களை மாற்றிப் பூட்டிக்கொண்டு படியிறங்கியபோது, மேல்மாடிப் பையனும் அவன் தகப்பனாரும் ஏற்கெனவே கீழே நின்றார்கள். என் மனைவி அவர்களிடம் சொல்லியிருந்தாள்.

நிலையத்தில் மருமகன் ஒரு வாங்கில் இருந்தான். எவரும் அவனை அடிக்கவில்லை. அதனை முதலில் சொல்லிவிடவேண்டும். மேசையில் அந்தத் துண்டும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அதிகாரி என் அட்டையைப் பார்த்தார், பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகையாளன் என்பது அக்காலத்தில் நன்மையாகவும் அமையலாம், தீமையாகவும் அமையலாம். மேல்மாடிப் பையன் விளையாட்டின் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதைக் காட்டி, மடமடவென்று சிங்களத்தில் விளக்கத் தொடங்கினான். இவை களங்களின் பெயர்கள், இது ரயில் நிலையம், இங்கேதான் குண்டு வைப்பது, ஒரு பக்கம் பயங்கரவாதிகள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனவன், அறையில் நிலவிய மௌனத்தை உணர்ந்து பாதியில் நிறுத்தினான். அவன் தகப்பனார் அவசரமாகக் குறுக்கிட்டு, "மற்றப் பக்கம் பொலிஸ், சேர்" என்றார்.

அதிகாரி துண்டை மீண்டும் ஒருமுறை வாசித்தார். பிறகு மருமகனைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் விளையாடுவாய் என்று கேட்டார்.

"பொலிஸ், சேர்."

அவர் சிரித்தார். உடனிருந்தவர்களும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது. எங்கள் மூவரின் வாக்குமூலத்தையும் கையொப்பத்தையும் பெற்றுக்கொண்டு, பத்தரை மணிக்கு அவனை எங்களுடன் அனுப்பினார்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பரிசோதிக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். நடந்து வரும்போது நான் அவனிடம் கேட்டேன், உண்மையில் எந்தப் பக்கம் என்று.

"பாதியிலை பக்கம் மாறும் மாமா. எல்லாரும் ரெண்டு பக்கமும் விளையாடத்தான் வேணும்."

ஹார்ட் டிஸ்க் இரண்டு வாரங்களுக்குப் பின் திரும்பி வந்தது. மேல்மாடிப் பையனின் தகப்பனார் போய் வாங்கிவந்தார். அதற்கிடையில் புதிய அப்டேட் வந்துவிட்டிருந்தது. அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தது பழையதாகிவிட்டது.

அதன்பிறகு வெள்ளவத்தைக்கு மேல்மாடிப் பையன்தான் போய்வந்தான். யாரும் அதனைக் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வந்து கதவைத் தட்டி, "மல்லி, அந்தப் பெட்டியைத் தா" என்று கேட்டான். இவன் கொடுத்தான். அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு ஒரு கசப்பும் இருந்தது. ஒரே வயது, ஒரே படிக்கட்டு, ஒரே விளையாட்டு. ஒருவன் இருபத்தைந்து நிமிடத்தில் போய்வரும் பாதையை மற்றவனுக்கு நானே அடைத்துவிட்டேன். மருமகன் ஜன்னலருகே நின்று அவன் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தடவை நான் அலுவலகத்திலிருந்து ஓர் அப்டேட்டைச் சீடியில் எழுதிக் கொண்டுவந்து, எதுவும் சொல்லாமல் அவனது மேசையில் வைத்தேன். அவனும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சீடியைக் கணினி வாசிக்க மறுத்துவிட்டது என்பதைப் பல வருடங்களின் பின்னர்தான் அறிந்தேன்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. மருமகன் 2010இல் கனடா போனான். மேல்மாடிப் பையன் இப்போது மெல்பேர்னில். மதிலுக்கு அப்பாலிருந்தவன் டோஹாவில். மழைநீர்க் குழாயில் கட்டியிருந்த நீல வயரைச் சுவருக்கு வர்ணம் பூச வந்தவர்கள் அறுத்துப் போட்டார்கள். வெள்ளவத்தையில் பழைய நெசவாலை இருந்த நிலத்தில் ஹெவ்லொக் சிட்டி எழுந்து நிற்கிறது. எங்கள் தெருவுக்கும் ஃபைபர் வந்துவிட்டது.

நவம்பரில் அவன் அழைத்த காரணம் இதுதான். 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' என்று 2023இல் வெளிவந்த புதிய விளையாட்டில் ட்ரெய்ன் என்ற அந்தப் பழைய களத்தைப் புதுப்பித்து மீண்டும் சேர்த்திருக்கிறார்கள். அப்டேட் இறங்கச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லையாம். மெல்பேர்னும் ரொறன்ரோவும் நேரம் பொருத்திக்கொண்டு அன்றிரவே விளையாடியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னான். 2023 முதல் ஸ்டீமே, ஒரே வீட்டு வலையமைப்பிலுள்ள ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு விளையாட்டை நேரடியாகப் பிரதிசெய்து கொடுக்கிறதாம். இணையத்தில் மீண்டும் இறக்கத் தேவையில்லை. "அப்பவே இது இருந்திருந்தா மேல்மாடியிலை இருந்து வயராலையே எடுத்திருக்கலாம் மாமா" என்றான். யோசித்துப் பார்த்தால், வெள்ளவத்தையிலிருந்து அதனை முதலில் யாராவது ஒருவர் கொண்டுவந்துதான் இருக்கவேண்டும். அதை நான் சொல்லவில்லை.

அந்த ஹார்ட் டிஸ்க் என்னுடைய மேசை லாச்சிக்குள் இருக்கிறது. மருமகன் போகும்போது விட்டுச் சென்றது. உறையின் மேல் வெள்ளைப் பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருக்கிறது. இனிமேல் யார் கொண்டுபோனாலும் மறித்தால் காட்டலாம் என்று, மேல்மாடிப் பையன் தன் முழுப்பெயரையும் விலாசத்தையும் தகப்பனாரின் தொலைபேசி இலக்கத்தையும் சிங்களத்தில் எழுதி ஒட்டியது. மை சற்று மங்கியிருந்தாலும் வாசிக்க முடிகிறது.